சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரி வாசலில் நில்லுங்கள்

ஜூன் மாதம் பாதி தாண்டிவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. கோவில்பட்டியிலிருந்து, சங்கரன்கோவிலிலிருந்து, சில சமயம் எனக்கு நேரடியாகத் தெரியாத வீடுகளிலிருந்தும்கூட அழைப்பு வரும். "அக்கா, பாப்பாவுக்கு டெல்லி யுனிவர்சிட்டியில கிடைக்கும் போலிருக்கு. அந்த காலேஜ் நல்ல காலேஜா?" எல்லோரும் கேட்பது இதே கேள்விதான். நான் டெல்லி ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவள். அப்பா மத்திய அரசு ஊழியர். டிடிஇஏ என்கிற டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழோடு படித்துவிட்டு, 1991-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் சொந்தத்திலும் தெரிந்தவர்களிலுமாகப் பதினான்கு பிள்ளைகளை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்து, இந்த ஊர்க் கல்லூரிகளில் சேர்த்துவிட்டிருக்கிறேன். நல்ல காலேஜா என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. அங்கே யார் படிக்கிறார்கள், வகுப்பு முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள், இந்த இரண்டையும் கண்டுபிடியுங்கள் என்கிறேன். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் புத்தி எனக்கு வந்தது தங்கை மகளால். சித்தப்பா பெண்ணின் மூத்த மகள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். பெயர்பெற்ற ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் கிடைத்தது. ஊரில் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, "பெரியம்மா, நாலு மணிக்கு மேல அங்க யாருமே இருக்க மாட்டாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். வகுப்பு வாட்ஸப் குழு. இந்தியை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு வரியாக எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவாளாம். ஆங்கில எழுத்தில் இருப்பதால் அது பாதிக்கு மேல் தப்பாகச் சொல்லுமாம். ஒரு கிண்டல் புரிவதற்குள் இன்னும் முப்பது வரி வந்து நிற்கும். நாளைக் காலை முதல் வகுப்பு கிடையாது என்ற செய்தியும் அந்த முப்பதுக்குள் எங்கேயோ கிடக்கும். இரண்டு முறை எட்டரை மணிக்குப் போய், காலி வகுப்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. பாடம் நடத்துவதிலும் குறை இல்லை. ஆனால் அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டெல்லியில் வீடு உள்ள பெண்கள். ஒரே பள்ளியிலிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்து வந்தவர்கள். இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கடைசி வகுப்பு முடிந்ததும் ரோகிணிக்கும் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் மெட்ரோ ஏறிவிடுவார்கள். இவளுக்கு ஹாஸ்டல் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பிஜியில், அதாவது தனியார் வாடகை விடுதியில், அறைத்தோழி ஏதோ ஒரு போட்டித் தேர்வுக்கு ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். ஆக, பேச ஆள் இல்லாமல் பதினெட்டு வயதுப் பெண் தினமும் ஐந்து மணி நேரம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்த காலத்தில் ஆர்.கே.புரத்திலிருந்து வடக்கு வளாகத்துக்கு யூ-ஸ்பெஷல் பேருந்து உண்டு. பஸ் முழுக்க மாணவர்கள்தான். சாயங்காலம் அதைப் பிடிக்க நானும்தான் ஓடியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் திருவனந்தபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நாங்கள் எல்லோரும் ஓடிப்போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் டெல்லிப் பிள்ளைகளிடம் விசாரிக்காதீர்கள் என்று சொல்கிறேன். என் மகனிடமும் கேட்காதீர்கள். அவன் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என்று வளர்ந்தவன். கல்லூரி சூப்பர் என்பான். அவனுக்கு அது உண்மையும்கூட.

சரி, முறைக்கு வருவோம்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு யார் வந்து சேர்வார்கள் என்பதைப் பெரும்பாலும் அதன் சேர்க்கை விதிதான் முடிவு செய்கிறது. அதை முதலில் படியுங்கள். டெல்லி பல்கலைக்கழகம் 1922-ல் தொடங்கியது, மத்தியப் பல்கலைக்கழகம். இங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது. தூத்துக்குடிப் பெண்ணும் டெல்லிப் பெண்ணும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். முன்பு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து கட்-ஆஃப் போட்டார்கள்; 2021-ல் சில படிப்புகளுக்கு அது 100 சதவீதம் வரை போனது. 2022 முதல் கியூட் (CUET) என்கிற, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்றாலும் பாடம் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மட்டும் படித்த பிள்ளை தனியாகத் தயார்செய்ய வேண்டியிருக்கிறது. வகுப்பில் தமிழ்க் குரல் குறைவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டெல்லி அரசின் பல்கலைக்கழகங்கள் வேறு கணக்கு. இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகம், அம்பேத்கர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் 85 சதவீத இடம் டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு. ஊரிலிருந்து வருகிறவர்கள் மீதி 15-க்குள்தான் போட்டியிட வேண்டும். அப்படியென்றால் அங்கே அநேகமாக எல்லோரும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. செயின்ட் ஸ்டீபன்ஸில் பாதி இடம் கிறிஸ்தவ மாணவர்களுக்கு, கால்சா கல்லூரிகளில் பாதி சீக்கிய மாணவர்களுக்கு, ஜாமியா மிலியா பல்கலைக்கழகத்தில் பாதி முஸ்லிம் மாணவர்களுக்கு. இவற்றில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை. உங்கள் பிள்ளை யார் நடுவில் உட்காரப் போகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள், அவ்வளவுதான். தெற்கில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961-ல் தொடங்கியது என்பதால் அங்கே எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் இடம் கியூட் மதிப்பெண்ணுக்குத்தான். பெயரைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

ஜேஎன்யூ என்கிற ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இதற்கெல்லாம் நேரெதிர். பெரும்பாலோர் வளாகத்துக்குள்ளேயே தங்குகிறவர்கள். விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்: கங்கா, சபர்மதி, கோதாவரி, காவேரி, பெரியார். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதனால் ஒடிசாவின் உள்கிராமத்துப் பையனும் பீகார்ப் பெண்ணும் ஒரே மேசையில் டீ குடிப்பதைப் பார்க்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கும் வளாகத்துக்குள் இருக்கிற கங்கா தாபா என்ற டீக்கடையில் கூட்டம் இருக்கும். என் நாத்தனார் மகன் அங்கே எம்.ஏ. படித்தான்; தனிமை என்ற பேச்சே அவனிடமிருந்து வந்ததில்லை. ஆனால் இளங்கலையில் அங்கே உள்ளது பெரும்பாலும் வெளிநாட்டு மொழிப் படிப்புகளும் பொறியியலும்தான். பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைக்கு டெல்லி பல்கலைக்கழகத்தில்தான் வழி அதிகம். அங்கேயோ கல்லூரிக்குக் கல்லூரி கூட்டம் மாறுகிறது.

அந்த வித்தியாசத்தைக் கல்லூரி வாரியாகப் பார்க்க ஒரு காகிதம் இருக்கிறது. என்ஐஆர்எஃப் என்கிற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் வருடாவருடம் விவரம் கொடுக்கிறது. அதைத் தன் இணையதளத்திலும் பிடிஎஃப் ஆகப் போட்டுவைக்கிறது. எல்லோரும் தரவரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே ‘மொத்த மாணவர் எண்ணிக்கை’ என்று ஓர் அட்டவணை இருக்கும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாநிலத்துக்குள்ளிருந்து எத்தனை, வெளிமாநிலம் எத்தனை, வெளிநாடு எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர் எத்தனை, பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி மூவரும் சேர்ந்து எத்தனை, முழுக் கல்விக் கட்டணமும் திரும்பப் பெறுகிறவர் எத்தனை என்று எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டு கல்லூரிகளின் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் முகமும் வேறு வேறு என்று அப்போது தெரியும்.

இதில் ஒரு பொறி உண்டு. நான் முதலில் விழுந்ததும் அதில்தான். வெளிமாநிலம் என்ற எண் பெரிதாக இருந்தால் வெளியூர்ப் பிள்ளைகள் நிறைய என்று சந்தோஷப்படத் தோன்றும். டெல்லிக்கு அது பொருந்தாது. நொய்டாவும் காஜியாபாத்தும் உத்தரப்பிரதேசம். குருகிராமும் ஃபரிதாபாத்தும் ஹரியானா. முகவரி அங்கே இருந்தால் காகிதத்தில் வெளிமாநிலம், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கையால் டீ குடிக்கிற பிள்ளை. அதனால் அந்த எண்ணை ஹாஸ்டல் இடங்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். அதன் பிறகும் நேரில் போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

நேரில் பார்ப்பதற்கு ஜூன், ஜூலை உதவாது. அப்போது கல்லூரியில் மாணவர்களே இருக்க மாட்டார்கள், சேர்க்கைக்கு அலைகிற நம்மைப் போன்ற பெற்றோர்கள்தான். பிள்ளை பிளஸ் டூவில் இருக்கும்போதே காலாண்டு விடுமுறையில் ஒருமுறை வந்து போவது நல்லது. கல்லூரிக்கு அப்போது லீவு இல்லையே என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் இங்கே இருக்கிற சொந்தக்காரர்களை ஒரு சாயங்காலம் போகச் சொல்லுங்கள். சும்மா வாசலில் நின்றால் போதும், உள்ளே விட வேண்டும் என்றில்லை.

செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒரு நாள். சனி ஞாயிறு வேண்டாம். அந்த நாட்களில் பல கல்லூரிக் கட்டடங்களில் வேறு மாணவர்கள் இருப்பார்கள். டெல்லியில் வசிக்கும் பெண்களுக்கான கல்லூரிசாராப் பிரிவுக்கும், 1962-ல் தொடங்கிய திறந்தநிலைக் கல்விப் பள்ளிக்கும் வார இறுதியில்தான் வகுப்பு. வீட்டு வேலை செய்துகொண்டே, கடையில் நின்றுகொண்டே படிக்கிற பெண்கள் வரிசையாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்தால் மனது நிறையும். ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பு அதுவல்ல. இன்னொன்று, ஜாகிர் ஹுசைன் போல மாலைக் கல்லூரியும் நடக்கிற கட்டடங்கள் உண்டு. அங்கே நாலு மணிக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தால் அது மாலை வகுப்பின் கூட்டமாக இருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூத்தவளின் தங்கை பிளஸ் டூவில் இருந்தபோது அவளை இரண்டு கல்லூரிகளுக்கு அப்படிக் கூட்டிக்கொண்டு போனேன், இரண்டும் வடக்கு வளாகம். முதல் கல்லூரி வாசலில் மூன்றரைக்கு நின்றோம். யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று நோட்டில் கோடு போடச் சொன்னேன். விஸ்வவித்யாலயா மெட்ரோ பக்கம் போனவர்களுக்கு ஒரு பக்கம் முழுக்க கோடு. கமலா நகர், விஜய் நகர் பக்கம், அதாவது பிஜி அறைகள் இருக்கிற சந்துகளின் பக்கம், நான்கு வரிகூட வரவில்லை. நாலேகாலுக்கு வாசலில் காவலாளியும் ஒரு நாயும்தான் இருந்தார்கள். இவள் நோட்டை மூடிவிட்டு, "அக்காவோட காலேஜ் மாதிரியே இருக்கு பெரியம்மா" என்றாள்.

மறுநாள் இரண்டாவது கல்லூரி. இங்கேயும் மூன்று மணிக்குப் பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். ஆனால் ஐந்து மணிக்கு உள்ளே இன்னும் சத்தம் இருந்தது. காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். புல்வெளி ஓரத்தில் இருபது பேர் வட்டமாக நின்று தெருநாடக ஒத்திகை. ஒருவன் கழுத்தில் டோலக். நடுவில் ஒரு பையன் கத்திக் கத்தி வசனம் பேசுகிறான். இந்தி, ஆனால் மலையாள வாடை அடிக்கிற இந்தி. ஓர் இடத்தில் ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொல்லிவிட்டான். எனக்கே காதில் இடித்தது. வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் சரியான சொல்லை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள், அவன் திரும்பச் சொன்னான், டோலக் தொடர்ந்தது. நான் இவள் முகத்தைப் பார்த்தேன். நோட்டை எடுக்கவே இல்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதைத்தான் தேட வேண்டும். இந்தி சரியாக வராத ஒருவர் தப்பாகப் பேசும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? எந்த அட்டவணையிலும் இது கிடைக்காது.

வாசலில் நிற்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். மத்தியான வேளையில் சாப்பாட்டுச் செயலிக்காரர்களின் பைக் எத்தனை வந்து நிற்கிறது என்று பாருங்கள். எல்லோரும் கேண்டீனில் சாப்பிடுகிற கல்லூரியில் மாதம் அளந்து செலவு செய்கிற பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது. தெற்கு வளாகத்தில் சத்ய நிகேதன் கடைகளில் தினமும் உட்காருவதுதான் நட்பு என்றால் அது வேறு செலவு. கட்டணம் குறைவான கல்லூரிதானே என்று வருகிற வீடுகள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகு ஜெராக்ஸ் கடை. இதற்கு நான் பெரிய மதிப்பு கொடுக்கிறேன். டெல்லியில் பாடப்புத்தகத்தைவிட ஜெராக்ஸ் கட்டுகளை வைத்துத்தான் படிப்பார்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் வழக்கே போட்டன. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த அளவுக்கு இங்கே அது படிப்பின் ஓர் அங்கம். கல்லூரிக்குப் பக்கத்துக் கடையில் போய், உங்கள் பிள்ளை படிக்கப்போகிற பாடத்தைச் சொல்லி, அதற்கு எந்த மொழிக் கட்டு அதிகம் போகிறது என்று கேளுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் தேர்வை இந்தியிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். வகுப்பில் பாதிப் பேர் இந்திக் கட்டு வாங்குகிறார்கள் என்றால் ஆசிரியரும் பாதி நேரம் இந்தியில்தான் விளக்குவார். கடைக்காரருக்கு இது விரல் நுனியில் இருக்கும். ஒரே கல்லூரியில் பொருளாதாரத்துக்கு ஒரு பதில், அரசியல் விஞ்ஞானத்துக்கு வேறு பதில் வரும். அதனால் கல்லூரியைக் கேட்காதீர்கள், உங்கள் துறையைக் கேளுங்கள். அப்படியே மொழிப்பாடமாக அங்கே என்னென்ன மொழிகள் நடக்கின்றன என்பதையும் கல்லூரியில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இந்தியே படிக்காதவர்களுக்கு என்ன வழி என்று சேர்ந்த பிறகு அலைவதைவிட இது மேல்.

துறைக்குத் துறை கூட்டம் மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. காமர்ஸில் பாதிப் பேர் கூடவே சி.ஏ. படிப்பார்கள். வரலாறு, அரசியல் விஞ்ஞானத்தில் பலர் ஐஏஎஸ் கனவோடு பயிற்சி மையத்துக்கு ஓடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும் என்பது விதி, அந்த அளவுக்கு மட்டும் தலைகாட்டுவார்கள். கல்லூரிப் பெயருக்காகக் கிடைத்த பாடத்தில் சேர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பும் உண்டு. அங்கே பாடத்தை உண்மையாக விரும்பி வந்த பிள்ளை தனியாகிப் போகும்.

டெல்லிக்கு வரவே முடியாது என்றால் போனில் விசாரியுங்கள், ஆனால் சரியான ஆளைப் பிடியுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்தான் சரி. முதலாண்டுக்கு எதுவும் தெரியாது, மூன்றாம் ஆண்டு மனதளவில் கிளம்பியிருக்கும். தமிழ்ப் பிள்ளைதான் வேண்டும் என்று தேடாதீர்கள். கேரளா, மணிப்பூர், மிசோரம் என்று இந்தி வீட்டுமொழியாக இல்லாத ஊரிலிருந்து வந்தவராக இருந்தால் உங்களுக்கு வேண்டிய பதில் அவரிடம் இருக்கும். ‘காலேஜ் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். நான் கேட்பது இப்படி: நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க, கூட யார் இருந்தாங்க? போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க? கிளாஸ் குரூப்ல எந்த மொழியில எழுதுறாங்க? காய்ச்சல் வந்து படுத்தப்ப யார் வந்து பார்த்தா? கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே வராவிட்டால் அதுவே பதில்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான் இருக்கும், சாதிப் பெயர் இருக்காது. இங்கே முதல் வாரத்தில் பத்துப் பேராவது ‘சர்நேம் என்ன?’ என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் ‘இல்ல, முழுப் பெயர்?’ என்பார்கள். பலர் தெரியாமல் கேட்கிறார்கள், சிலர் தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். அடுத்து கியூட் மதிப்பெண் கேட்டு, அதிலிருந்து எந்த ஒதுக்கீடு என்று கணக்குப் போடுவார்கள். நான் அழைத்துவந்த ஒரு பையன் இந்தக் கேள்வியினாலேயே முதல் பருவம் முழுக்க மெஸ்ஸில் ஓர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் சேர்ந்தது அரசியல் சட்டம் கொடுத்த இடத்தில், உழைத்து வாங்கிய மதிப்பெண்ணில். தலைநிமிர்ந்து உட்கார வேண்டிய பிள்ளை அவன். ‘எங்க ஊர்ல பேருக்குப் பின்னால சாதி போடுறதில்ல’ என்று ஒரே வரியில், சத்தமாக, முதல் தடவையிலேயே சொல்லிவிடப் பிள்ளைகளைப் பழக்கி அனுப்புங்கள். கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான பிரிவும் சமவாய்ப்புப் பிரிவும் நிஜமாக இயங்குகின்றனவா, கடைசியாகக் கூட்டம் எப்போது நடந்தது என்று அதே இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள்.

ஓபிசி பிள்ளைகளின் பெற்றோருக்கு இடையில் ஒன்று. நம்மூர் பிசி, எம்பிசி சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்ட குடும்பம் என்று காட்டும் சான்றிதழ், தனியாக வாங்க வேண்டும், அதுவும் சேர்கிற அந்த ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதாக. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது.

சேர்ந்த பிறகு முதல் மூன்று வாரம் பார்க்கிற முகங்களை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். சேர்க்கை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. இடம் கிடைத்தவர்களில் பலர் இன்னும் மேலான கல்லூரிக்கு ‘அப்கிரேட்’ கேட்டுக் காத்திருப்பார்கள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து உயிர்த்தோழி ஆனவள் அடுத்த வாரம் வேறு கல்லூரியில் இருப்பாள். இளையவள் இரண்டாவது கல்லூரியில்தான் சேர்ந்தாள். முதல் வாரம் கூடவே சுற்றிய இருவரும் இப்படிப் போய்விட்டார்கள். ராத்திரி போன் செய்து அழுதாள். அக்காதான் அவளிடம் பேசினாள். மூன்று வருடத்தில் அக்காவுக்கு மிஞ்சிய கல்லூரித் தோழி ஒருத்திதான், இம்பாலைச் சேர்ந்தவள். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே இரண்டாம் ஆண்டு ஆகிவிட்டது. "நீ செப்டம்பர் வரைக்கும் பொறு. சொசைட்டி ஆடிஷன் எல்லாத்துக்கும் போ, ஒண்ணு விடாம போ" என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள்.

சொசைட்டி என்றால் இங்கே நாடகம், இசை, விவாதம், புகைப்படம், வினாடி வினா என்று மாணவர்களே நடத்துகிற குழுக்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஆள் எடுப்பார்கள். அதே சமயத்தில் மாணவர் சங்கத் தேர்தல் சத்தமும் இருக்கும். நோட்டீஸ்கள் காலில் மிதிபடும், வகுப்புகள் பாதி நடக்காது. அந்தச் சத்தத்தில் ஆடிஷன் தேதியைத் தவறவிட்டால் அடுத்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைக்கு நாலு மணிக்கு மேல் கல்லூரியில் இருக்க ஒரு காரணம் வேண்டும். அதைக் கொடுப்பது சொசைட்டிதான், அல்லது என்எஸ்எஸ், என்சிசி. இந்தி வராதே என்று தயங்க வேண்டாம். இளையவள் சின்ன வயதில் ஊரில் நாலு வருடம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். இந்திய இசைக் குழுவின் ஆடிஷனில் மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். அவர்கள் அதைப் பூப் என்றார்களாம். ராகம் ஒன்றுதான், பெயர் வேறு என்று அங்கேயே அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

போன புதன்கிழமை நாலரைக்கு அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டு, "ரிகர்சல் பெரியம்மா, இப்பதான் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு பேர் கூடவே வர்றாங்க, ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். ஒருத்தி ராஞ்சியாம், ஒருத்தி கோழிக்கோடாம். மூன்று பேருக்கும் சேர்த்து மாவு அரைக்க வேண்டும்.